வெள்ளைத் தொட்டி மீன்கள்

பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று கடிதம் வந்ததும், தலைமையாசிரியர் சந்தானம் அசையாமல் நின்ற எல்லாவற்றுக்கும் வெள்ளையடிக்கச் சொன்னார். சுவருக்கு அடித்தார்கள். மரங்களுக்கு இடுப்புவரை அடித்தார்கள். கொடிக்கம்பத்தின் கீழே இருந்த மீன் தொட்டியையும் விடவில்லை. பாசியைச் சுரண்டி எடுத்து, உள்ளேயும் வெள்ளையடித்து, நாலு முறை கழுவித் தண்ணீர் விட்டார்கள்.

அது 1958ஆம் வருடம், ஜூன் மாதம். பள்ளி இருந்த காக்ஸ் டவுன் வட்டாரமே கண் கூசியது. ஆனால் இன்ஸ்பெக்டர் வரவில்லை.

தொட்டியில் இருந்தவை கப்பி மீன்கள். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கிணற்றில் விடுவார்களே, அந்தக் குட்டி மீன்கள். பெண் மீன்கள் வெறும் சாம்பல் நிறம். ஆண் மீன்களின் உடம்பில் ஆரஞ்சும் நீலமும் மினுங்கும். சந்தானம் அதற்கு ‘வானவில் தொட்டி’ என்று பெயர் வைத்துப் பலகை மாட்டியிருந்தார். பலகையில் வானவில்லைவிட அவருடைய பெயர்தான் பெரிதாக இருந்தது.

தொட்டிக்கு மானிட்டர் ஐந்தாம் வகுப்பு பவுலின். மீன் வடிவத் தகர பேட்ஜைத் தினமும் துடைத்துக் குத்திக்கொள்வாள்.

மார்ச் மாதம் இரண்டாவது கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் நிச்சயம் வருகிறாராம். சந்தானம் தொட்டியை எட்டிப் பார்த்தார். வெளிறிய மீன்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. நிறம் மட்டும் இல்லை. ஒரே ஒரு ஆரஞ்சு வால் எங்கோ ஓரத்தில் ஓடியது.

“எங்கேம்மா என் வானவில்?”

“கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுடுச்சு சார்.”

“என்ன தீனி போட்டாய்?”

“பொரிதான் சார். எப்பவாவது டிபன்ல மிச்சமான ரவை உப்பிட்டு...”

“உப்பிட்டா? அதுதான் நிறத்தைத் தின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் நிறம் திரும்ப வேண்டும். இல்லையென்றால் இன்ஸ்பெக்டர் எதிரில் நீதான் பதில் சொல்ல வேண்டும். பேட்ஜையும் கழற்றிக் கொடுத்துவிடு.”

பிறகு அவரே மருந்தும் சொன்னார். பீட்ரூட். இரண்டு நாளில் தண்ணீர் சர்பத் மாதிரி சிவந்தது. மீன்கள் அப்படியே வெள்ளையாக நீந்தின.

“கலர் சாக்பீஸைக் கரைச்சு ஒவ்வொண்ணுக்கா பூசிடலாமா?” என்று கேட்டான் கூடப் படிக்கும் சில்வெஸ்டர்.

“முதல்ல ஒண்ணைப் பிடிச்சுக் காட்டு, பார்க்கலாம்” என்றாள் பவுலின்.

தண்ணீரை மாற்ற வாளி வேண்டும். தோட்டக்காரர் கோவிந்தப்பாவைத் தேடிக் குழாயடிக்குப் பின்னால் போனாள். அங்கே பாசி மண்டிய கல் தொட்டி ஒன்று இருந்தது. பாசிக்குள் ஆரஞ்சும் நீலமும் பளிச்சிட்டன.

“அண்ணா, இது ஏது?”

“நம்ம மீனுதான் கண்ணு. வெள்ளையடிக்கறப்போ எல்லாத்தையும் இதுல விட்டேன். திருப்பி அள்ளறப்போ கொஞ்சம் பாசியில பூந்துக்கிச்சு. எவன் தேடறது, விட்டுட்டேன்.”

“தீனி?”

“நீ கொண்டாந்து வைக்கற தீனியில பாதியை எடுத்து இங்கதான் போடறேன். உப்பிட்டுன்னா உசுரு அதுங்களுக்கு.”

அப்படியானால் தப்பு உப்பிட்டின் மேல் இல்லை.

அன்றைக்கே சிவப்புத் தண்ணீரை மாற்றினார்கள். மறுநாள் காலைப் பிரார்த்தனை. கொடிக்கம்பத்தின் உச்சியில் வழக்கம்போல மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. “பாருங்கள், பறவைக்கே நம் பள்ளியின் மேல் எவ்வளவு மரியாதை” என்று சந்தானம் அதைக் காட்டிப் பெருமைப்படுவார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். பவுலின் ஒரு கண்ணை மட்டும் மூடினாள்.

மீன்கொத்தி கல் மாதிரி விழுந்தது. எழுந்தபோது அதன் அலகில் ஒரு ஆரஞ்சு வால் துடித்தது. தொட்டியில் மிச்சமிருந்த அந்த ஒரே வால்.

பவுலினுக்கு மெல்ல விளங்கியது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் சேஷகிரி வந்தார். சந்தானம் பலகைக்குப் பக்கத்தில் நின்று சொற்பொழிவைத் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு, “தொட்டி காலியா இருக்கே?” என்றார்.

பவுலின் ஒரு பிடி பொரியைத் தூவினாள். வெள்ளைத் தரையே எழுந்து வந்ததுபோல நூறு வாய்கள் மேலே வந்தன.

“நிறம் போனதற்கு இந்தப் பெண்தான் காரணம். உப்பிட்டு போட்டு...” என்றார் சந்தானம்.

பவுலின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து நீட்டினாள். உள்ளே பளபளவென்று நாலு மீன்கள்.

“இதுங்களும் அதே உப்பிட்டு சாப்பிட்டதுங்கதான் சார். ஆனா பாசித் தொட்டியில இருந்துச்சுங்க. இங்க ஜூன்ல அடிச்ச வெள்ளையில கலர் மீன் பளிச்சுன்னு தெரியுது. மேலேருந்து மீன்கொத்தி அதைத்தான் முதல்ல பிடிக்குது. வெளிறினது தப்பிச்சுக் குட்டி போடுது. அப்பா வெளிறியிருந்தா பிள்ளையும் வெளிறித்தானே பொறக்கும்.”

“ஒன்பது மாசத்துல மீனெல்லாம் நிறம் மாறிடுச்சாக்கும்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எந்த மீனும் மாறல சார். மிச்சம் இருக்கறது யாருங்கறதுதான் மாறிப்போச்சு.”

சேஷகிரி கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். “தொட்டிக்குள்ள வெள்ளையடிக்கச் சொன்னது யாரு?”

சந்தானத்தின் முகம் அவர் அடிக்கச் சொன்ன சுவர் மாதிரி ஆனது.

“நீங்க வர்றீங்கன்னு அழகா இருக்கட்டும்னு சார்தான்...” என்றாள் பவுலின் மெதுவாக. “அதனாலதான் எங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சுது சார்.”

சந்தானத்துக்கு மூச்சு வந்தது. “ஆமாம், ஒன்பது மாதமாக நான் நடத்திவரும் ஆராய்ச்சி இது” என்றார்.

இன்ஸ்பெக்டர் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு பதிவேட்டில் எழுதினார்.

திங்கட்கிழமை அதைச் சந்தானம் எல்லார் முன்னும் வாசித்தார். மீன் மானிட்டர் பவுலின் என்றைக்கும் பேட்ஜைக் கழற்றக் கூடாது, தொட்டியில் பாசி வளர வேண்டும் என்றெல்லாம் இருந்தது. கடைசி வரியை மட்டும் அவர் விட்டுவிட்டார். பதிவேட்டை அலமாரியில் வைக்கப் போன சில்வெஸ்டர் அதைப் படித்துவிட்டு வந்தான்.

‘இப்பள்ளியில் ஒரு நாளும் தவறாமல் நேரத்துக்கு வந்து வேலை பார்ப்பவர் மீன்கொத்தி ஒருவரே.’

அன்று முதல் காலைப் பிரார்த்தனையில் யாரும் இரண்டு கண்ணையும் மூடுவதில்லை. தலைமையாசிரியர் உட்பட.