மேலண்ணத்தில் கறுப்பு

மீன்காரி கெங்கம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வெகுநேரமாகியும், வீட்டைக் கழுவிவிட்ட பிறகும், அந்த நாற்றம் மட்டும் அறை அறையாகத் தேவப்பிரியத்தின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

வாசலிலேயே அவளை அதட்டியிருந்தார். "அழுகினதையா கொண்டு வர்றே?"

"இன்னா அண்ணாச்சி, காசிமேட்டுல இப்போ எடுத்தது. என் கூடையாண்ட ஒண்ணுமில்ல. உன் வாயாண்டதான் நாறிகினு கீது."

வாய்க்கொழுப்பு பிடித்தவள்.

மேல் கடைவாய்ப்பல் பிடுங்கின புண், அவ்வளவுதான். மீசைகூடச் சரியாக முளைக்காத அந்தப் பல் டாக்டர், "சுகர் இருக்கா சார்?" என்று கேட்டபோது, "எங்க வம்சத்துல அந்தச் சீக்கு கிடையாது" என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுகர் மாத்திரையை ரகசியமாக நிறுத்தி மாதங்களாகிவிட்டன. விசாரிக்க வருகிறவர்கள் கண்ணில் ஒரு மாத்திரை அட்டை பட்டால், மகள் மகிமாவின் சம்பந்தம் என்னாவது?

மனைவி ஞானசெல்வி தயங்கியபடி வந்து நின்றாள். "டாக்டருக்குப் போன் போட்டேங்க. சுகர் உள்ளவங்களுக்குப் பல் எடுத்த இடத்துல பூசணம் புடிச்சு, கண்ணு, மூளை வரைக்கும் ஏறுமாம். உயிருக்கே ஆபத்தாம். உடனே ஆஸ்பத்திரிக்கு..."

"சுகர்னு சொல்லிட்டியா?"

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"சாயங்காலம் மகிமா நிச்சயதார்த்தம் முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

குளியலறைக் கண்ணாடி முன் அவர் வாயைத் திறந்தார். திருவொற்றியூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகப் போகக் கண்ணாடி நடுங்கியது. அந்த நடுக்கத்துக்குள், மேலண்ணத்தின் வலது பாதி கரித்தூள் அப்பியதுபோல் கறுத்திருந்தது. தன் மளிகைக் கடையில் இப்படிப் பூசணம் பூத்த மூட்டையைக் குப்பையில் தள்ளச் சொல்லியிருப்பார். நகத்தால் சுரண்டினார். வலி இல்லை. ரத்தமும் இல்லை. கன்னம் வேறு யாருடையதோபோல் மரத்துக் கிடந்தது.

வாயைக் கொப்பளித்தார். கிராம்பு மென்றார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கூடம் நிறைந்தது. ஜெபம் முடிந்தது. வழக்கப்படி தகப்பன்மார் இருவரும் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்ட வேண்டும்.

"வாயைத் திறங்க அண்ணாச்சி" என்று சிரித்தார் சம்பந்தி. "உங்க வீட்டுல சீக்கு, பிணி ஒண்ணும் கிடையாதாமே!"

"கிடையாது."

வலது இமை தானாக இறங்கியது. பாதிச் சம்பந்தி மறைந்தார்.

லட்டு. மென்றார். நாக்கால் மேலே அழுத்தினார்.

நாக்கு போயிற்று. மேலே. இன்னும் மேலே.

தடுக்க ஒன்றுமில்லை.

கைதட்டல் பாதியில் நின்றது. மகிமா நாற்காலியிலிருந்து எழுந்தாள். தேவப்பிரியம் அசையாமல், மிச்சமிருந்த பாதி முகத்தால் சிரித்துக்கொண்டே இருந்தார். அவருடைய வலது மூக்கிலிருந்து கறுப்பு நீர் வடிந்தது. அதோடு மஞ்சள் பூந்தி, ஒவ்வொன்றாக, வெள்ளைச் சட்டையில் விழுந்தது.