கடைசி ஊசி

வாசல் மிதியடியில் கிடந்ததை மான் பூங்காவின் கால்நடை டாக்டர் முதலில் பேனா என்றுதான் நினைத்தார். எடுத்துப் பார்த்தார். துப்பாக்கியில் வைத்து அவர் மான்கள்மேல் சுடுகிற கருத்தடை ஊசி.

பூங்காவில் மான்கள் பெருகி ஒரு செடியையும் விட்டுவைக்கவில்லை என்று இரண்டு மாதமாக அவருக்கு அதுதான் வேலை. பின்தொடையில்தான் சுட வேண்டும். ஒரே மானுக்கு இரண்டு முறை போடாமலிருக்க, பட்ட இடத்தில் ரோஸ் சாயம் ஒட்டிக்கொள்ளும். சினை மானைத் தொடவே கூடாது. எல்லாம் தெரிந்த மனிதர்தான். ஆனால் போன வாரம் மழை தூறிய சாயங்காலம், மிச்சமிருந்தது ஒரே ஊசி, வீட்டுக்குப் போகிற அவசரம். மான்களுக்காக வைத்திருந்த உப்புக்கட்டியை நக்கிக்கொண்டிருந்த பெட்டை மானின் வயிறு உப்பியிருந்ததைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி, பக்கத்திலிருந்தே சுட்டார். ஊசி வயிற்றில் தைத்தது. மறுநாள் புதரடியில் கண் திறக்காத குட்டி செத்துக் கிடந்தது. காவலாளியை விட்டுப் புதைக்கச் செய்தார், பதிவேட்டில் ‘எல்லாம் நலம்’ என்று கூசாமல் எழுதினார். சுட்ட ஊசிகளைப் பொறுக்கியபோது அந்த ஒன்று மட்டும் கிடைக்கவில்லை.

உள்ளே மனைவிக்கு எட்டாம் மாதம். பதினோரு வருடம் ஏங்கி, இப்போதுதான் தங்கிய பிள்ளை. அவர் கதவை இரண்டு தாழ்ப்பாளும் போட்டுச் சாத்தினார்.

ஈரப் புல்லும் மான் மூத்திரமும் கலந்த வாடை கூடம் முழுக்கப் பரவியிருந்தது. அவர் அன்று பூங்காவுக்கே போகவில்லை. போன் அடித்தது. காவலாளி.

“சார், ஒரு மான்கூட இல்ல சார். வேலி அப்படியே இருக்கு.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்துட்டேன் சார். குட்டியப் புதைச்ச குழி தோண்டிக் கெடக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல.”

சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. சரக், சரக். சொரசொரத்த நாக்கு கல்லில் உரசுகிற சத்தம், உப்புக்கட்டியருகே அவர் தினமும் கேட்கிற அதே சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

விளக்கு எரியவில்லை; ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு வெளிச்சம் மட்டும். மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் உப்பு ஜாடி. கைநிறையக் கல்லுப்பை அள்ளி நக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா பண்ற?”

“ஆசையா இருந்துச்சுங்க.”

ஜன்னலுக்கு வெளியே கண்கள். பத்து. இருபது. தொடைகளில் ரோஸ் சாயம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெட்டை. அதற்கு மட்டும் வயிற்றில்.

மனைவி புடவையை விலக்கினாள். அவள் வயிற்றிலும். அதே இடம். அதே ரோஸ்.

“பாவி, நான் செஞ்சதுக்கு இவளையா…” ஜன்னலில் நின்ற பெட்டையைப் பார்த்துக் கேட்டார்.

“உதைக்குதுங்க,” என்று சிரித்தாள். அவர் கையை இழுத்து வைத்துக்கொண்டாள். “பாருங்களேன்.”

உள்ளங்கைக்கு அடியில் தோல் மெல்ல எழும்பியது. பிஞ்சுப் பாதமில்லை. கூராக, கெட்டியாக, நடுவில் பிளந்த ஒரு சின்னக் குளம்பு.