துவைக்கிற கல்லுக்கு மேலே ஒரு ஏசி!

"ஐயோ... ஓடி வாங்களேன்!"

கரோலினின் அலறலில் ஆம்பூரின் அந்தத் தெருவே கூடிவிட்டது.

கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லின்மேல் அவள் கணவன் ஜெபசீலன். தோல் கம்பெனி மேனேஜர். தலை நசுங்கியிருந்தது! பக்கத்தில் சாய்ந்த ஏணி. அவன் மேல், மாடிச் சுவரிலிருந்து விழுந்த ஏசியின் அவுட்டோர் யூனிட்!

மதியத்துக்குள், அதை மாட்டிய மெக்கானிக் இன்பராஜ் லாக்கப்பில் இருந்தான்.

அவன் மனைவி மோகனா, இன்ஸ்பெக்டர் தணிகைவேலின் காலில் விழுந்தாள்.

"சார்! சுவத்துல வேணாம், தரையில சிமெண்ட் மேடை கட்டி வச்சிக்கலாம்னு அவரு கெஞ்சினாரு சார்! நானும் கூடதான் நின்னேன். ஓனர்தான் கேக்கல!"

"கடைசில மாட்டினது யாரு?"

"அவருதான்... வேற ஆளை வச்சிக்கிறேன்னு ஓனர் மிரட்டினாரு. ஆனா ஸ்டாண்டு அடிச்சி, நாலு நட்டையும் இறுக்கிட்டுதான் வந்தாரு. ஒரே ஒரு வாட்டி போய்ப் பாருங்க சார்! அவரு உள்ள போய்ட்டா நானும் என் பொண்ணும் செத்துடுவோம்!"

தணிகைவேல் தொப்பியை எடுத்தார்.

ஜெபசீலன் வீட்டுச் சுவரில் ஸ்டாண்டு அசையாமல் நின்றது!

நட்டுகளைத்தான் காணோம்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏட்டு.

"ஐயா, பாடியோட சட்டைப்பையில நாலு நட்டு! பேன்ட்ல ஸ்பேனர்!"

தணிகைவேல் கரோலினிடம் திரும்பினார்.

"ஏம்மா... இந்த இடத்துலதான் ஏசி வேணும்னு சொன்னது யாரு?"

"அவருதான்."

"காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

"துணி துவைக்கப் போ, போன்னு விரட்டிக்கிட்டே இருந்தாரு. புழுக்கம் தாங்கல சார். செத்த நேரம் படுக்கலாம்னு ரூமுக்குப் போய் ஏசியைப் போட்டேன். அப்பதான் அந்தச் சத்தம்..."

"ரெண்டு பேருக்கும் தகராறு ஏதாவது?"

அவள் தலை குனிந்தாள். "ராணிப்பேட்டையில ஒருத்தி... டைவர்ஸ் கேட்டாரு. நான் தரமாட்டேன்னுட்டேன்."

"நீங்க துவைக்கும்போது மாடியிலருந்து உங்க தலையில தள்ளத்தான் ஏணியில ஏறி நட்டைக் கழட்டியிருக்கார். நீங்க ஏசியைப் போட்டதும் மிஷின் உதறி... அவர் மேலயே விழுந்துடுச்சு!"



மாலையில் லாக்கப் திறந்தது. இன்பராஜின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு மோகனா ஓவென்று அழுதாள். விடவே இல்லை.

ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"அப்போ அக்யூஸ்டுன்னு கோர்ட்டுல யாரைங்கய்யா நிறுத்தறது?"

தணிகைவேல் வானத்தைக் காட்டினார்.

"அவன் கீழ்க்கோர்ட்டுக்கெல்லாம் வரமாட்டான்யா... நேரா மேல்கோர்ட்டுக்கே போய்ட்டான்!"