மெலிந்த நெகட்டிவ்

"என்னங்க இது, முகத்துல மணலை வாரி இறைச்ச மாதிரி?"

மழையில் பாதி நனைந்து வந்தவன் படங்களை ஃபிலிம் லேப் கவுண்டரில் போட்டான். ஸ்கேனர் முன்னால் இருந்தவள் நிமிர்ந்தாள். கோபத்திலும் சிரிக்கிற கண்கள்... இந்தக் கண்ணுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று நினைத்துக்கொண்டாள்.

"இது ரொம்ப நைஸான கலர் ஃபிலிம். புள்ளியே தெரியாது. உங்க ஸ்கேனர்தான் கெடுத்திருக்கு."

அவள் நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் வைத்து, பூதக்கண்ணாடியை அவன் பக்கம் தள்ளினாள்.

"நிழல் விழுந்த இடத்தைப் பாருங்க. ஒண்ணுமே பதியலை. வெளிச்சம் பத்தாம எடுத்திருக்கீங்க. இல்லாததை ஸ்கேனர் இழுத்தா புள்ளிதான் வரும். ஃபிலிமும் நல்லது, மெஷினும் நல்லது. மிச்சம் யாருன்னு நீங்களே பார்த்துக்கங்க."

பத்து வருஷமாகப் படம் எடுப்பவனுக்கு மூக்கு சிவந்தது. சத்தம் கேட்டு லேப் முதலாளி வந்தார். அவளைப் பெற்றவர்.

"கஸ்டமர்கிட்ட என்ன பேச்சு? மன்னிப்புக் கேளு."

"தப்புப் பண்ணாம கேக்க மாட்டேன்ப்பா."

"அப்ப நாளையிலேருந்து ஸ்கேனர்ல உன் தம்பி உக்காரட்டும். நீ பில் போடு."

ஆறு வருஷமாக அவள் உட்கார்ந்து தொழில் கற்ற நாற்காலி... ஆனாலும் மன்னிப்பு வரவில்லை. அவன் அவளையே பார்த்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

நாலாம் நாள் வந்தான். "இந்த ரோலைக் கழுவணும். ஆனா அவங்கதான் பார்க்கணும்" என்று அவளைக் காட்டிப் பிடிவாதமாக நின்றான்.

கழுவிக் காய்ந்த நெகட்டிவை அவள் வெளிச்சத்தில் வைத்தாள். ஒரே ஜன்னல், பன்னிரண்டு தடவை. ஒவ்வொன்றிலும் வெளிச்சம் கொஞ்சம் கூட. முதல் நாலும் வெளிச்சம் பத்தாமல் மெலிந்து வெளுத்திருந்தன. பிறகு நிழல்கூடத் துல்லியம்... கடைசிப் படத்தில் ஒரு தாள். வெள்ளை கறுப்பாக, எழுத்து வெளுப்பாக. ஸ்கேன் செய்யாமலே படித்தாள்.

'தப்பு என்னோடது. உங்க கண்ணுதான் சரி.'

"சார், மன்னிப்பு நான்தான் கேக்கணும்" என்றான் அவன், அப்பாவிடம். "என் வீம்புக்காக அவங்க வேலையைப் பறிச்சிடாதீங்க."

அப்பா நெகட்டிவை வாங்கிப் பார்த்தார், கனைத்தார். தம்பி தானாகவே நாற்காலியை விட்டு எழுந்தான்.

"இனிமே என் ரோலெல்லாம் நீங்களே பாருங்க..." என்று அவன் இழுத்தான்.

"ரோல் இல்லாட்டியும் வாங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அப்பா காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னாள். தலை குனியவில்லை.

"எனக்கு..." அவன் குரல் தடுமாறியது. "நீங்க திட்டும்போதே பிடிச்சுப் போச்சுங்க."