ஓலையில் செத்தவள்

"வீ...ல்!"

1958. பாம்பன் மாதா கோயிலில் ஞாயிறு பூசையின் நடுவே அந்த அலறல்!

'இந்தக் கலியாணத்துக்கு யாருக்காவது தடை உண்டா?' என்று ஊரறியக் கேட்கும் கலியாண ஓலையை வாசித்துக்கொண்டிருந்த புதுச் சாமியார் நிமிர்ந்தார். பெண்கள் பக்கம், முக்காட்டோடு ஒருத்தி எழுந்து நின்றாள்.

ஜோதிமேரி.

"என்னம்மா?"

"சாமி... இப்ப வாசிச்சீகளே, அதை இன்னொரு தடவை..."

"கொழும்பில் வசிக்கும் இவ்வூர் மரியதாஸ், தாரமிழந்தவர், மறுமணம் செய்ய..."

"தாரம் எப்படிச் செத்தாளாம்?"

கொழும்பிலிருந்து வந்த கடிதத்தைப் புரட்டினார். "கடல்ல மூழ்கி."

"அந்தத் தாரம் நாந்தான் சாமி!"

கோயிலே திரும்பிப் பார்த்தது.

சாமியார் ஊருக்கு வந்து ஆறே நாள். உயிரோடு இருப்பவர்களையே அவருக்கு இன்னும் தெரியாது. செத்தவர்களை எப்படித் தெரியும்?

ஜோதிமேரிக்கு இப்போதுதான் எல்லாம் புரிந்தது. புருஷனைப் பார்க்க விசாவுக்கு மனுப் போட்டு நாலு மாதம். பதில் இல்லை. புதன்கிழமை ஒரு வள்ளக்காரன் மரியதாஸின் கடிதத்தோடு வந்தான். 'விசா வேண்டாம். யாரிடமும் சொல்லாதே. வியாழன் இவன் வள்ளத்தில் ஏறிக் கடல் கடந்து வந்துவிடு.'

வியாழன் காற்று அடங்கவில்லை. வெள்ளி... சனி... அடங்கவில்லை.

இன்று அடங்கிவிட்டது!

பூசை முடிந்ததும் புறப்பாடு. துணி மூட்டை அவள் காலடியில்.

வள்ளக்காரன்...?

மெல்லத் திரும்பினாள். கடைசி வரிசையில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்!

நானாக இருந்தால் அங்கேயே மயங்கி விழுந்து கதையை முடித்திருப்பேன். ஜோதிமேரி கை நீட்டினாள்.

"அந்தா... அவன்தான் எம் புருஷன் அனுப்பி, என்னை வள்ளத்துல கூட்டிப் போக வந்தவன்!"

அவன் வாசலுக்குப் பாய்ந்தான். குறுக்கே வந்தாள் அவள் அண்ணன் பெண்டாட்டி யாகப்பம்மாள். மீன் கூடை சுமந்த உடம்பு. வாசலில் முக்கால்வாசி அடைபட்டது.

"ஏலே... பூசை முடியுமுன்ன எங்கன போற?"

"விடு தாயி..."

"நடுக்கடல்ல என்ன செய்யச் சொன்னான்? சொல்லுலே!"

ஒரே அறை.

"த... தள்ளிவிடச் சொன்னாரு..."

யாகப்பம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "ஏ மேரி! நீ சாகுமுன்னயே ஏன்டி ஓலைக்குக் குடுத்தான்?"

"அவசரம் மதினி. வியாழக்கிழமையே நான் போய்ச் சேர்ந்திருப்பேன்னு நெனப்பு. சொந்த ஊர்க் கோயில்லயும் ஓலை வாசிப்பாகன்னு தெரியல. ஒழுங்கா என்னைக்கு அவன் பூசைக்கு வந்தான்?"

வள்ளக்காரன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். மறுநாள் ஜோதிமேரி, 'இவள் உயிரோடு இருக்கிறாள்' என்று சாமியார் எழுதிக் கொடுத்த சாட்சிக் கடிதத்தோடு விசா ஆபீஸுக்குப் போனாள்.

குமாஸ்தா மனுவைப் பார்த்துப் புருவம் சுருக்கினார்.

"'புருஷனைப் பார்க்க'ன்னு இருந்ததை அடிச்சிட்டு, 'கலியாணத்துக்கு'ன்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமாய்யா. இந்த மாசக் கடைசியில."

"மாப்பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

அவள் மனுவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இங்கன பொண்டாட்டிய்யா. அங்கன போய் எறங்கிட்டா... எமன்!"