பகல் தூக்கத்தில் ஒரு பணிவிடை

கண் விழித்தபோது அவள் முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை இருந்தது.

படுக்கும்போது அது அங்கே இல்லை. அந்த அறையில் இருந்ததே ஒரு தலையணைதான், அதுவும் அவள் தலைக்கடியில். பிறந்ததிலிருந்து குப்புறப் படுத்தே பழக்கம். கையையும் காலையும் பரப்பிப் போட்டுக்கொண்டு அவள் தூங்குவதைப் பார்த்து, சுவரிலிருந்து விழுந்த பல்லி என்று தங்கை கேலி செய்வாள். இப்போது பல்லி இடப்பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தது. முதுகுக்கு அண்டைகொடுத்து ஒரு போர்வைச் சுருள், கணுக்காலுக்கு அடியில் மடித்த துண்டு, குதிகால் மெத்தையில் படாதபடி. பெட்ஷீட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

முதலில் வந்தது பயம் இல்லை. அதை நினைத்துப் பின்னால் அவளுக்கே வெட்கமாக இருந்தது. யார் செய்திருந்தாலும் நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. அசைய முடியாத நோயாளிக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க இப்படித்தான் திருப்பிப் போடவேண்டும். செய்முறைப் பரீட்சையில் குதிகாலை மறந்து அவள் மதிப்பெண் இழந்திருக்கிறாள். இங்கே யாரும் குதிகாலை மறக்கவில்லை. அப்படியானால் என்னைத் தொட்டது யார் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

நர்ஸ் படிப்பை முடித்துவிட்டுக் கடல் தாண்டி வந்தவள். வந்ததிலிருந்து இரவு டூட்டி. விடிந்து க்வார்ட்டர்ஸுக்குத் திரும்பி, கனத்த திரையை இழுத்துவிட்டால் அறைக்குள் நடுப்பகலும் அந்தி மாதிரி ஆகிவிடும். சுவருக்குள் குழாயில் யாரோ குளிக்கிற தண்ணீர் இறங்கும் சத்தம், சமையலறை ஃப்ரிட்ஜ் நடுங்கி அடங்கும் சத்தம், எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாத ஆஸ்பத்திரி மருந்து வாடை, இவற்றுக்கு நடுவே ஊர் உலகமெல்லாம் வேலைக்குப் போகும் நேரத்தில் தனியாகக் கண்ணை மூட வேண்டும்.

சோதனைக் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. வார்டு இன்சார்ஜ் அம்மாள் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், போடாவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். இங்கே வருவதற்கான தேர்வில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாம் தடவை எப்படியோ கரையேறியவள் அவள். தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், பாதியில் வந்து நிற்காதே என்று வழியனுப்பும்போது அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தூங்கும்போது யாரோ என்னைத் திருப்பிப் போடுகிறார்கள் என்று இன்சார்ஜ் முன்னால் போய் நின்றால் என்ன நடக்கும்? மனநிலை சரியில்லை என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

ஆகவே யாரிடமும் சொல்லாமல் சந்தேகப்பட ஆரம்பித்தாள். சந்தேகப்பட வீட்டில் இருந்தது ஒரே ஒருத்தி. பக்கத்து அறையில் இருந்த அந்த அக்காவும் நர்ஸ்தான், தமிழ் பேசுகிறவள்தான், ஆனால் பகல் டூட்டி. இவள் உள்ளே வரும்போது அவள் வெளியே போவாள். செருப்பு வைக்கிற இடத்தில் மட்டும் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்களைப் பற்றி அவள் இன்சார்ஜிடம் வத்தி வைப்பாள் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு.

“அக்கா, நேத்து பகல்ல என் ரூமுக்கு வந்தீங்களா?”

“நான் டூட்டியிலதானே இருந்தேன். எப்படி வருவேன்?”

“மத்தியானம் சாப்பிட வந்திருப்பீங்களோன்னு நெனச்சேன்.”

“சாப்பிடவே நேரமில்ல. இதுல உன்னைத் தாலாட்ட வேற வரணுமா?” ஷூ நாடாவை முடிந்துகொண்டே சிரித்தாள். பிறகு தலை நிமிராமல், “உனக்கு முன்னாடி அந்த ரூம்ல இருந்த பொண்ணும் இதேதான் கேட்டா” என்றாள்.

“அவங்க இப்ப எங்க?”

“ஊருக்கு அனுப்பிட்டாங்க.”

“வேலை சரியில்லைன்னா?”

“வேலையெல்லாம் நல்லாத்தான் பார்த்தா.” கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு அவள் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, நாற்காலியையும் முட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்தாள். விழித்தபோது இந்தமுறை வலப்பக்கமாகக் கிடந்தாள். உதடு ஈரமாக இருந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தாள், வழவழவென்று இனித்தது. கிளிசரின். தானாகத் தண்ணீர் குடிக்க முடியாதவர்களுக்கு வாய் உலராமல் பஞ்சில் தோய்த்துத் தடவிவிடுவது. ஈறு, கடைவாய், நாக்கின் அடி என்று ஓர் இடம் விடாமல் துடைத்திருந்தார்கள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. நாற்காலியும் நகரவில்லை.

அவசரமாக அக்காவின் வார்டுக்குப் போன் போட்டாள். அக்காவே எடுத்தாள். பின்னால் டிராலி உருளும் சத்தம், யாரோ இருமும் சத்தம். அக்கா வார்டில்தான் இருந்தாள். போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை இருட்டியதும் டூட்டிக்குப் போனவள், முதல் வேலையாக, தன் வார்டில் சாகக் கிடந்த தையல்காரர் தாத்தாவிடம் போனாள். கடை வைத்திருந்த காலத்துப் பழக்கத்தில், அந்த நிலையிலும் அவள் யூனிஃபார்மின் தோள் தையல் கோணல் என்று கையால் சைகை காட்டுவார். இன்று காட்டவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். பார்ப்பவர்கள் நாடி பிடிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் எண்ணுவது மூச்சை. மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு தாளம் மாறிவிடும். அதனால் கையைப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து. எல்லா நர்ஸுகளும் செய்கிற சின்னத் திருட்டு இது.

தாத்தாவின் மூச்சு நின்று நின்று வந்தது. அவள் வெளியே போய் அவருடைய மகனிடம், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்று சொன்னாள். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மகன் தலையாட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“கை நல்லா பழகிடுச்சு உனக்கு” என்றார் விடிந்ததும் வார்டுக்கு வந்த இன்சார்ஜ். அவர் பேசியது அந்த ஊர் மொழியில். அவளுக்குள் அது தமிழாகவே விழும் அளவுக்கு இப்போது பழகியிருந்தது. “நாளன்னைக்கு உன் பேப்பர்ல கையெழுத்துப் போடப் போறேன். தூக்கமெல்லாம் சரியா இருக்கா? முகம் வாடியிருக்கே.”

“நல்லா தூங்குறேன் மேடம்” என்றாள்.

காலையில் அறைக்கு வந்து, தங்கையை வீடியோ காலில் கூப்பிட்டு, போனை மேசைமேல் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். நான் தூங்குகிறேன், நீ படித்துக்கொண்டே ஒரு கண்ணை இந்தப் பக்கம் வைத்திரு என்றாள். காரணம் கேட்டதற்கு, தனியாகத் தூங்கப் பிடிக்கவில்லை என்று மழுப்பினாள். தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

விழித்தபோது மல்லாந்து கிடந்தாள். கைகள் இரண்டும் பக்கத்தில் நீட்டி வைக்கப்பட்டிருந்தன. போனில் தங்கை புத்தகத்தை மூடிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன்கூட இருக்குற அக்கா ரொம்ப நல்லவங்க.”

“யாரு?”

“அந்த நர்ஸ் அக்காதான். உன்னைத் திருப்பிப் படுக்க வெச்சாங்க, தலை சீவி விட்டாங்க. எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது. நீ அசையவே இல்ல.”

“உன்கிட்ட பேசினாங்களா?”

“ம். தமிழ்லதான். திரும்பாமலே பேசினாங்க. வீட்ல பெரியவங்க இருந்தா வரச் சொல்லும்மான்னாங்க. அம்மா கடைக்குப் போயிருக்காங்கன்னு சொன்னேன். ஏன்க்கா, ஏதாவது விசேஷமா?”

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அன்று அவளுக்கு டூட்டி இல்லை. ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அலமாரிக்குப் பின்னால் ஏதாவது வழி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கதவு கழற்றத் தெரிந்தவள், மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்தவள், தன்னை ஊருக்கு விரட்டப் பார்க்கிறவள் என்று யாரோ ஒருத்தி இருக்க வேண்டும். மனுஷியாக இருக்க வேண்டும். அப்படித்தான் அவள் நினைத்தாள், அப்படி நினைக்கத்தான் அவளால் முடிந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் பைத்தியம் என்று யாரும் சொல்ல முடியாது.

விடிந்து, அக்கா வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, கட்டுத்துணி வெட்டும் கத்திரிக்கோலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டாள். அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். இந்தமுறை நடந்ததைச் சொன்னாள்.

“நான் தூங்கப் போறதில்ல. தூங்குற மாதிரி கெடப்பேன். யார் வந்தாலும் கத்து.”

“பேசாம கெளம்பி வந்துடு கண்ணு” என்றாள் அம்மா. “தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

அம்மா அப்படிச் சொல்லுவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கிவிட்டது. “நாளைக்குக் கையெழுத்தும்மா. இன்னைக்கு ஒரு நாள்தான்.”

திரையை இழுத்துவிட்டாள். மல்லாந்து படுத்தாள். கண்ணை மூடினாள்.

குழாயில் தண்ணீர் இறங்கியது. ஃப்ரிட்ஜ் நடுங்கி அடங்கியது. போனில் அம்மாவின் வளையல் மேசையில் உரசும் சத்தம், தங்கை மூக்கை உறிஞ்சும் சத்தம். வெகுநேரம் அவ்வளவுதான். பிறகு வாடை மாறியது. புதிதாகத் துவைத்துக் கஞ்சி போட்ட துணியின் வாடை. கட்டிலுக்கு வலப்பக்கம், மிக அருகில். கதவுப் பக்கத்திலிருந்து காலடிச் சத்தம் எதுவும் வரவில்லை.

“அக்கா...” தங்கையின் குரல்.

“சத்தம் போடாதீங்கம்மா. பேஷண்ட் தூங்குறாங்க.”

தாழ்ந்த, பழகிய, களைத்த குரல். வார்டில் அவளே பேசுகிற குரல் மாதிரி. தங்கை அடங்கிவிட்டாள். நர்ஸ் சொன்னால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள்.

கத்திரிக்கோலை எடு.

கை போகவில்லை. மணிக்கட்டில் விரல்கள் படிந்துவிட்டன. குளிர்ச்சி இல்லை, சூடும் இல்லை. சரியான இடம். சரியான அழுத்தம்.

நாடியை அல்ல. மூச்சை எண்ணுகிறாள்.

அது தெரிந்த நொடியில் மூச்சு நெஞ்சிலேயே நின்றது. பிறகு வேண்டுமென்றே அடக்கினாள். எண்ணிக்கை தவறட்டும். மறுபடி முதலிலிருந்து எண்ணக் குனிவாள். குனிந்தால் முகம் பக்கத்தில் வரும். அப்போது குத்தலாம்.

அடக்கினாள். காது இரைந்தது. இன்னும் கொஞ்சம்.

விரல்கள் காத்திருந்தன. அவசரமே இல்லை.

பிறகு மணிக்கட்டை விட்டன. மறுபடி பிடிக்கவில்லை. கையைப் பூப்போல மெத்தையில் வைத்தன.

இமைகள்மேல் இரண்டு விரல். மெல்ல அழுத்தின.

இல்லை. நான் இருக்கிறேன். கண்ணைத் திறக்கப் பார்த்தாள். இமை எழவில்லை. கால் அசையவில்லை. கத்திரிக்கோல் தலைக்குக் கீழேதான் இருந்தது, அதன் நுனி தலையணையைத் தாண்டி உறுத்தியது.

“அமைதியா போயிட்டாங்கம்மா” என்றது குரல், போன் இருந்த பக்கமாக. “கஷ்டப்படல.”

அம்மாவின் சத்தம். அப்படியொரு சத்தத்தை அவள் வார்டுக் கதவுகளுக்கு வெளியே நிறையக் கேட்டிருக்கிறாள்.

அம்மா. நான் இருக்கேன்மா.

தாடைக்கு அடியில் கட்டுத்துணி நுழைந்தது. உச்சந்தலைக்குப் போனது. முடிச்சு இறுகியது. பல்லோடு பல் சேர்ந்தது. துடைப்பதற்காக அந்தக் கைகள் அவளை ஒருக்களித்துத் திருப்பின. அந்தத் திருப்பலில், மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, தொண்டைக்குள்ளிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள். ஒரு முனகல் வெளியே வந்தது. வந்தேவிட்டது.

“ஐயோ, அக்கா ஏதோ சத்தம் போடுறா” என்று தங்கை கதறினாள். “உயிர் இருக்கு, பாருங்க, உயிர் இருக்கு.”

“அது உள்ள தங்குன காத்தும்மா. திருப்பும்போது வெளிய வரும். எல்லாருக்கும் வரும்.” குரல் ஆறுதலாக இருந்தது. “பயப்படாதீங்க. போனை வெச்சிடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

அவளும் அதைச் சொல்லியிருப்பாள். அதையேதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

போன் அணைந்தது.

கைகள் மறுபடி மல்லாத்திப் படுக்க வைத்தன. இடது நாசியில் பஞ்சு நுழைந்தது. ஆழமாக, பதமாக, வலிக்காமல். இன்னொரு நாசி வழியாக அவள் மூச்சை இழுத்தாள், இழுத்தாள். காதருகே, விரல்களுக்கு நடுவில், அடுத்த பஞ்சு உருளும் சத்தம் கேட்டது.