எடுக்காத காட்சிக்கு மூன்று விமர்சனம்

அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் திரைப்படக் காப்பகத்தின் சின்னக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர்.

முதல் வரிசை நடுவில் கத்தரி. முப்பது வருடம் நாளிதழில் படங்களை வெட்டித் தள்ளியதால் ஒட்டிக்கொண்ட பெயர். இரண்டாம் வரிசை இடது ஓரத்தில் பாதி மார்க். வார இதழில் எந்தப் படத்துக்கும் ஐம்பதுக்கு மேல் போட்டதில்லை. அதே வரிசையின் சுவரோரம் தூக்கக்காரர்; சிற்றிதழ்க்காரர், விளக்கு அணைந்தால் குறட்டை உத்தரவாதம். மூன்றாம் வரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலியில் அவள்.

ஆபரேட்டர் பின்சுவருக்கு அப்பால் தன் அறையில் இருந்தார். கூடத்துக் கணக்கில் அவர் சேர மாட்டார்.

இதையெல்லாம் அவள் எண் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். காப்பகத்தின் கடிதப் பிரிவில் பன்னிரண்டு வருடம். எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது அவள் கட்சி.

மூன்று கிழவர்களையும் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அழைத்திருந்தாள்.

முப்பத்துமூன்று வருடத்துக்கு முன் இதே கூடத்தில் இதே மூவருக்கு மட்டும் ஒரு பேய்ப்படம் போட்டுக் காட்டினார்கள். மூவரும் எழுதியதைப் படித்த பிறகு அந்தப் படத்தை வாங்க ஆளில்லை. வெளியே வரவே இல்லை. எடுத்தவர் அவளுடைய அப்பா. அதன் பிறகு அவர் கேமரா பக்கம் போகவில்லை. இப்போது வெளியூரில் அண்ணன் வீட்டில் படுக்கையில் கிடக்கிறார். காது போய்விட்டது, எல்லாம் கடிதம்தான். போன கடிதத்திலும் பழைய பல்லவி: "கடைசிக் காட்சியை நான் எடுக்கவே இல்லை. சித்தி அதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். எடுக்காத காட்சியைத்தான் திட்டினார்கள். கண் மூடுவதற்குள் அவர்கள் வாயால் ஒப்புக்கொண்டால் போதும்."

சித்தி என்றால் அவளுடைய அம்மாவின் தங்கை. அந்தப் படத்தின் கதாநாயகி.

அத்தாட்சி போன மாதம் கிடைத்தது. கடைசிக் காட்சி இருக்க வேண்டிய ஏழாவது ஃபிலிம் பெட்டி. அப்பா வைத்த அரக்கு முத்திரை உடையாமல் கிடங்கில் கிடந்தது. பெட்டியே திறக்கவில்லை என்றால் இவர்கள் எதைப் பார்த்தார்கள்?

"சார், நீங்க எழுதினதையே வாசிக்கிறேன்," என்று கத்தரியின் பழைய பத்திரிகை நறுக்கை எடுத்தாள். "'கதாநாயகி திரைக்கு அருகே வந்து விரல் நீட்டி நம்மை எண்ணுகிறாள். கூடத்தில் இருந்தது மூன்று பேர். அவள் நான்கு என்கிறாள். எண்ணத் தெரியாத பேயை இப்போதுதான் பார்க்கிறேன்.'"

பாதி மார்க் சிரித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கான்."

"உங்களுது, சார். 'பேய் கண் சிமிட்டவில்லை, நடிக்கவும் இல்லை. நூற்றுக்குப் பதினொன்று.'"

"பதினொண்ணு ஜாஸ்திம்மா. அன்னிக்கு நல்ல மூடுல இருந்திருப்பேன்."

"யாரு யாரைப் பாத்துக் காப்பி அடிச்சீங்க?"

சிரிப்பு நின்றது. கத்தரி கழுத்தைத் திருப்பினார். "என்ன பேசற நீ? மூணு பேரும் பாத்தோம். இதோ தூங்குமூஞ்சிகூட அன்னிக்கு முழிச்சிருந்தான்."

தூக்கக்காரர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ காகிதம். இவர்தான் முதலில் உளறப்போகிறார் என்று அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

பின்சுவர்ச் சின்ன ஜன்னல் திறந்தது. "மேடம், முத்திரைய உடைச்சுட்டேன். உள்ள வெறும் ஃபிலிம்தான். ஒரு படமும் இல்ல. ஓட்டணுமா?"

அவளுக்கு மனம் குளிர்ந்தது. அப்பா சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை.

"ஓட்டுங்க. இவங்களும் பாக்கட்டும்."

விளக்கு அணைந்தது. புரொஜெக்டரின் கடகட ஓசை. திரை முழுக்க வெள்ளை. அங்கங்கே கீறல்கள் மட்டும் மழைபோல் ஓடின.

ஒரு நிமிடம் போனது. குறட்டை கேட்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றாள். "இதுல எங்க இருக்கா கதாநாயகி?"



கூடத்தில் ஏதோ வாசனை. பழைய முகப்பவுடர், வியர்வையில் குழைந்து ஊறியது மாதிரி.

வெள்ளை வெளிச்சத்தில் மூன்று தலைகளின் பின்புறம் தெரிந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்தன. பிறகு வலதுபக்கம். நடந்துபோகும் ஒருவரைப் பார்ப்பதுபோல.

அவளுக்குத் தெரிந்தது வெள்ளைத் திரை மட்டும்.

ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நல்ல நாடகம். நோட்டில் அதையும் எழுதப் பேனாவைத் திறந்தாள்.

"வந்துட்டா," என்று கிசுகிசுத்தார் கத்தரி. "அன்னிக்கு மாதிரியே."

"யாரு சார்?"

"ஒண்ணு," என்றார். அவருடைய தோள் ஒடுங்கியது.

"ரெண்டு." பாதி மார்க் நாற்காலிக்குள் சரிந்தார்.

"மூணு." தூக்கக்காரர் முகத்தை மூடிக்கொண்டார்.



மூன்று தலைகளும் மெல்லத் திரும்பின.

அவளை நோக்கி.

"லைட்டப் போடுங்க!" என்று கத்தினாள்.

விளக்கு எரிந்தபோது கத்தரியின் கன்னம் ஈரமாக இருந்தது. ஆயிரம் படங்களைச் சிரித்தே கொன்ற மனிதர்.

"என்ன சார் விளையாட்டு இது? எங்கப்பா படுத்த படுக்கையா இருக்காரு. ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும்."

தூக்கக்காரர் எழுந்துவந்து, பையில் பொத்திவைத்திருந்த நறுக்கை நீட்டினார். "எங்க பத்திரிகை ரெண்டு இதழோட நின்னுபோச்சு. இத நீ பாத்திருக்க மாட்ட. படிம்மா. அப்புறம் நான் தூங்கினேன்னு நீ சொன்னா, கையெழுத்துப் போடறேன்."

மஞ்சளித்த தாள். அவள் நின்றபடியே படித்தாள்.

"பேய்க்குப் போட்ட மேக்கப் படுமோசம். நெற்றியின் வலப்பக்கம் பூசிய சிவப்புச் சாயம் கண்ணுக்குள் வழிந்தும் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை. உச்சகட்ட அபத்தம் இனிமேல்தான். மூன்றாம் வரிசையில் நடைபாதையை ஒட்டிய காலி நாற்காலியைப் பார்த்து, 'பட்டாணி, வந்துட்டியா?' என்கிறாள். காய்கறிக்கடையில் படம் எடுத்தார்களோ?"

அவள் தன் நாற்காலியைப் பார்த்தாள்.

பட்டாணி. அவளுக்கு மூன்று வயதானபோது சித்தி வைத்த பெயர். இன்றைக்கும் அப்பாவின் கடிதத்தில் முதல் வரியில் அந்தப் பெயர் இருக்கும். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"இதெல்லாம் எங்கப்பா உங்ககிட்ட சொன்னாரா?"

"உங்கப்பா எங்க மூஞ்சியில முழிச்சதே இல்லம்மா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு." அவர் குரல் இன்னும் இறங்கியது. "அந்தப் பொண்ணு எப்படிச் செத்தா?"

"காய்ச்சல்ல" என்று சொல்ல வாயெடுத்தாள். கண் மறுபடி நறுக்கில் இருந்த சிவப்புச் சாயம் என்ற இடத்துக்கே போனது.

மூவரும் போன பிறகு தன் மேசைக்கு வந்தாள். ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. வழக்கம்போல் தேதி, இடப்பக்கம் விலாசம், பிறகு விஷயம். கூடத்தில் யார் யார், எங்கே உட்கார்ந்தார்கள் என்று நோட்டைப் பார்த்து எண் போட்டு எழுதினாள். அதன் கீழே:

"அப்பா, நீங்கள் கேட்ட மன்னிப்பு இத்துடன் இல்லை. அதற்குப் பதில் ஒரு கேள்வி இருக்கிறது. சித்திக்குக் காய்ச்சல் என்று சொல்லி வந்தீர்கள். நெற்றியில் ரத்தம் எப்படி வந்தது? அவள் இறந்த அன்று நான் எங்கே இருந்தேன்? மறைக்காமல் எழுதுங்கள்."

அனுப்புமுன் ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்ப்பது அவள் பழக்கம். படித்தாள்.

பட்டியலில் ஐந்து வரிகள் இருந்தன.

"5. திரைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில், நின்றபடி, சித்தி."

நோட்டைப் புரட்டினாள். அங்கே நான்குதான். கடிதத்தில் ஐந்து. அதே நீல மை. சாய்ந்த எழுத்து, 'சி'யின் சுழி உட்பட அவளுடையதேதான். எழுதிய நினைவுதான் இல்லை.

பேனாவை எடுத்தாள். முனை அந்த வரிமேல் நின்றது. எழுத்தில் இருப்பதை அடிப்பது அவள் வழக்கம் இல்லை. மூடிவைத்தாள்.

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் இட்டாள். பசை தடவும்போது அந்தப் பவுடர் வாசனை மறுபடி வந்தது, இந்த முறை மிக அருகில், தோளுக்குப் பின்னாலிருந்து. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரங்களை நகத்தால் அழுத்தி ஒட்டினாள், தபால்தலையை நேராக வைத்தாள், தெருமுனைக்கு நடந்துபோய்க் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டாள்.